மண் ஓட்டில் சுட்ட அடை

அடை சுடவும் தானியம் வறுக்கவும் மண்ணால் வனைந்த அகலமான, விளிம்பு தாழ்ந்த சட்டிக்குத் தமிழில் ஓடு என்று பெயர். கூரையில் வேய்வதும் ஓடு, ஆமையின் முதுகில் இருப்பதும் ஓடு, துறவி கையில் ஏந்துவதும் ஓடு. அடுப்பில் ஏறுகிற ஓட்டை வறையோடு என்றும் சொல்வார்கள். இதற்கென்று தனியாக வனைந்து வாங்கியதும் உண்டு. பானை உடைந்தால் சிதையாமல் மிஞ்சிய அடிப்பாகத்தை எடுத்து வைத்துக்கொண்டதும் உண்டு. கிராமத்துச் சமையலில் இரண்டாவது வகைதான் அதிகம் உழைத்தது. தண்ணீர்ப் பானையாக இருந்து ஓய்ந்தது, மல்லாட்டை வறுக்கும் ஓடாக அடுப்பேறும்.

மல்லாட்டை என்றால் நிலக்கடலை. திருவண்ணாமலை, விழுப்புரம், கடலூர் வட்டாரங்களில் இதுதான் பேச்சுவழக்கு. மணிலாக்கொட்டை என்பது தேய்ந்து மல்லாட்டை ஆனது. கலசப்பாக்கம் இந்தப் பயிரின் மண். ரதசப்தமிக்கு அண்ணாமலையார் தீர்த்தவாரிக்கு வந்து போகும் செய்யாற்றங்கரை ஊர் அது. ஒரு பக்கம் பட்டுத்தறிக்குப் பேர்போன ஆரணி, இன்னொரு பக்கம் பர்வதமலை, அதற்கப்பால் சாமையும் கேழ்வரகும் விளையும் ஜவ்வாது மலை. ஆற்றுப் பாசனத்தில் நெல், மேட்டு நிலத்தில் மானாவாரி மல்லாட்டை, மலையில் சிறுதானியம் என்று மூன்றும் எட்டும் தூரத்தில் கிடைப்பதால், இங்குள்ள அடுப்படியில் சோற்றுப் பானைக்கும் குழம்புச் சட்டிக்கும் பக்கத்தில் ஓட்டுக்கும் வேலை இருந்தது.

உலகின் மறுகோடியில் இதே பாத்திரத்தை ஒரு நாட்டின் சமையலே நம்பி நிற்கிறது. மெக்சிகோவில் அதற்குக் கோமால் என்று பெயர். ஸ்பானியர் வருவதற்கு முன்பிருந்தே அங்கு பேசப்படும் நாவாட்டில் மொழியின் ‘கோமாலி’ என்ற சொல்லிலிருந்து வந்தது. தென் மெக்சிகோவின் வஹாக்கா பள்ளத்தாக்கில் கி.மு. 500 வாக்கிலேயே கோமால் ஓடுகள் புழங்கியதை அகழாய்வுகள் காட்டுகின்றன. 1540களில் வரையப்பட்ட மெண்டோசா ஏடு என்ற ஓவியச் சுவடியில், பதின்மூன்று வயதுப் பெண்ணுக்குத் தாய் வீட்டுவேலை பழக்கும் காட்சி இருக்கிறது. அம்மி போன்ற கல்லில் அவள் மக்காச்சோளம் அரைக்கிறாள்; அருகில் அடுப்பின் மேல் கோமால். ஒரு வேளைக்கு அவளுக்கு இரண்டு அடை என்று படத்திலேயே குறித்திருக்கிறார்கள். அந்த அடைதான் தோர்த்தியா. 2010இல் மெக்சிகோவின் பாரம்பரியச் சமையலை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபாக யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தபோது, அந்த மரபின் அடித்தளமாகச் சொல்லப்பட்டவற்றில் மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பில் வேக வைக்கும் முறையும் கல்லில் அரைப்பதும் உண்டு. அரைத்த மாவு போய்ச் சேரும் இடம் கோமால்.

மண் ஓடு ஏழை வீட்டுப் பாத்திரம், இரும்புக்கு வசதியில்லாதவர் வைத்துக்கொண்டது என்ற எண்ணம் இங்கே பலருக்கு உண்டு. அது சரியில்லை. மண் செய்யும் வேலையை இரும்பு செய்யாது. வெயிலில் காய்ந்த தகரத்தின் மேலும் நாட்டு ஓட்டின் மேலும் வெறுங்காலை வைத்துப் பார்த்தவர்களுக்கு இதன் காரணம் எளிதில் விளங்கும். இரண்டும் ஒரே அளவு சூடாக இருந்தாலும் தகரம் சுட்டுவிடும், ஓடு பொறுக்கும்படி இருக்கும். உலோகம் தன் உள்ளிருக்கும் வெப்பத்தை எல்லாம் தொட்ட இடத்துக்கு ஓடோடிக் கொண்டுவந்து கொட்டுகிறது. மண்ணின் வெப்பக் கடத்தல் இரும்பினதை விடப் பல பத்து மடங்கு குறைவு. தொட்ட இடத்தில் இருக்கும் சூட்டை மட்டும் கொடுத்துவிட்டு, அடுத்ததை மெதுவாகத்தான் அனுப்பும். ஈர மாவை இரும்புக் கல்லில் போட்டால் உள்ளே வேகுமுன் அடிப்புறம் காந்திவிடலாம். ஓட்டில் போட்டால் உள்ளே வேக நேரம் கிடைக்கிறது.

இன்னொரு வேலையையும் மண் செய்கிறது. மெருகு பூசாமல் சுட்ட மண்ணில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் நிறைய. மாவின் அடிப்புறத்திலிருந்து கிளம்பும் நீராவியில் ஒரு பகுதியை அவை இழுத்துக்கொள்கின்றன. அதனால் எண்ணெய் அதிகம் இல்லாமலே மேல்தோல் காய்ந்து, பொட்டுப் பொட்டாகச் சிவக்கிறது. மெக்சிகோவில் தோர்த்தியாவுக்கு ஒரு சொட்டு எண்ணெய் கூட விடுவதில்லை.

கேழ்வரகு அடையை ஓட்டில் சுடும்போது இதைக் கண்ணால் பார்க்கலாம். மாவில் உப்புப் போட்டு, நறுக்கிய வெங்காயம், பச்சை மிளகாய், ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை சேர்த்து, வெந்நீர் தெளித்துப் பிசைவார்கள். பச்சைத் தண்ணீரில் பிசைந்தால் ஒட்டாமல் விண்டுபோகும், ஏனென்றால் கோதுமையில் இருக்கும் பசைத்தன்மை கேழ்வரகில் கிடையாது. வெந்நீர் பட்டதும் மாவின் ஒரு பகுதி அரைவேக்காடாகிப் பிடிப்புக் கொடுக்கிறது. உருண்டையை எண்ணெய் தடவிய வாழை இலையில் வைத்து, ஈர விரலால் நடுவிலிருந்து விளிம்புக்குத் தட்டி, நடுவே ஒரு துளை இட வேண்டும். இலையோடு ஓட்டில் கவிழ்த்து, இலை வதங்கியதும் உரித்தெடுத்தால் அடை ஓட்டில் தங்கும். துளையில் நாலு சொட்டு மல்லாட்டை எண்ணெய். முருங்கைக்கீரையின் வாசம் முதலில் பச்சையாக எழும். அது மாறி, வறுத்த மாவின் வாசம் வரும்போது திருப்ப வேண்டும். இரும்பில் சுட்டால் இந்த மாற்றம் சட்டென்று கடந்துவிடும். ஓட்டில் நிதானமாக வருகிறது, கவனித்துப் பிடித்துக்கொள்ளலாம். விறகை வெளியே இழுத்த பிறகும் ஓடு நெடுநேரம் சூடு தாங்கும் என்பதால், கடைசி அடையை அதிலேயே விட்டு மூடி வைப்பதும் உண்டு. தறிக்குழியிலிருந்து எழுந்து வர நேரமாகும் வீட்டில் அதன் அருமை தெரியும்.

ஓடு செய்வது பானை செய்வதை விட எளிது போலத் தோன்றும், ஆனால் அடுப்பின் நேர்த் தீயைத் தாங்க வேண்டும் என்பதால் மண் கலவையில் கைப்பழக்கம் தேவை. ஏரியிலிருந்து எடுத்த களிமண்ணை ஊறவைத்து, கல் பொறுக்கி, நுண்மணலும் உமியும் கலந்து மிதிப்பார்கள். மணல் இல்லாத வெறும் களி சூட்டில் விரியும்போது தாங்காமல் வெடித்துவிடும். மணலும் உமியும் அந்த இழுவிசைக்கு இடையிடையே இளைப்பாறும் இடம் தருகின்றன. சக்கரத்தில் வனைந்த சட்டி பாதி காய்ந்ததும், உள்ளே கூழாங்கல்லை ஏந்திக்கொண்டு வெளியே மரப்பலகையால் தட்டித் தட்டி அடியை மெல்லிசாக்குகிறார்கள். பிறகு நிழலில் உலர்த்தி, வைக்கோலும் வறட்டியும் விறகும் அடுக்கிய சூளையில் வேகவைக்கிறார்கள்.

வஹாக்காவின் சான் மார்கோஸ் த்லபசோலா என்ற சபோடெக் இனத்தவர் ஊரில் கோமால் செய்வது பெண்களின் கைத்தொழில், தாயிடமிருந்து மகளுக்குப் போவது. அங்கே சக்கரமே கிடையாது. மண் உருண்டையைக் கையால் தட்டி விரித்து, மணிகளை உதிர்த்த மக்காச்சோளத் தக்கையாலும் சுரைக்குடுக்கைத் துண்டாலும் சமன்படுத்தி, சிவப்பு மண்குழம்பு பூசி, வழுவழுப்பான கல்லால் தேய்த்துப் பளபளப்பாக்குகிறார்கள். பிறகு திறந்த வெளியில் தீ மூட்டிச் சுடுகிறார்கள். பக்குவமான கோமாலின் மேல்முகம் வழவழப்பாகவும் அடிமுகம் சொரசொரப்பாகவும், நடுவில் லேசாகக் குழிந்தும் இருக்கும். அது அமர்வது மூன்று கல் அடுப்பின் மேல். தமிழகத்துக் கிராமங்களில் களத்து மேட்டிலும் திருவிழாவிலும் இன்றும் கூட்டுகிற அதே மூன்று கல் அடுப்புத்தான்.

புது ஓட்டை அப்படியே அடுப்பில் வைக்கக் கூடாது, பழக்க வேண்டும். பழக்குதல் என்ற சொல்லே அழகானது, கன்றுக்குட்டியை ஏருக்குப் பழக்குவது போலப் பாத்திரத்தையும் தீக்குப் பழக்குகிறார்கள். ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றி இளந்தீயில் கொதிக்கவிடுவார்கள். கழுநீரில் உள்ள மாவுச்சத்து நுண்துளைகளில் ஒரு பகுதியை அடைத்துக்கொள்ளும். அதன் பிறகு எண்ணெய் தடவி, பாதியாக வெட்டிய வெங்காயத்தால் சுழற்றிச் சுழற்றித் தேய்ப்பார்கள். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தால் மாவு ஒட்டாது. பழகிய ஓட்டைச் சோப்புப் போட்டுக் கழுவினால் அத்தனை உழைப்பும் வீணாகும், சோப்பும் துளைக்குள் தங்கும்.

மெக்சிகோவில் இதே வேலையைச் சுண்ணாம்பு செய்கிறது. சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்துத் துணியால் கோமாலின் மேல் பூசி, வெள்ளை காய்ந்ததும் அடை போடத் தொடங்குகிறார்கள். அந்த மெல்லிய பூச்சு மாவுக்கும் மண்ணுக்கும் நடுவே நின்று ஒட்டாமல் காக்கிறது. தேய்ந்துபோனால் மறுபடி பூசிக்கொள்வார்கள். பதநீர் இறக்கும் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவும் தமிழ்நாட்டுக்கு இந்தக் கைவேலை அந்நியமாகத் தெரியாது, நோக்கம்தான் வேறு. அங்கே ஒட்டக் கூடாது, இங்கே புளிக்கக் கூடாது.

சுண்ணாம்பின் பெரிய வேலை ஓட்டுக்கு வெளியேதான் நடக்கிறது. முற்றிக் காய்ந்த மக்காச்சோள மணி ஒரு கிலோவுக்கு மூன்று லிட்டர் அளவு தண்ணீர், பத்து கிராம் போல நீற்றின சுண்ணாம்பு. வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பும் வேதிப்பொருளால் இதுவேதான். மணியின் தோல் கழலும் வரை வேகவைத்து, அதே நீரில் இரவு முழுக்க ஊறவிட்டு, காலையில் மஞ்சள் நிற நீரை வடித்துக் கழுவுகிறார்கள். இப்படிப் பக்குவப்பட்ட மணிக்கு நிஷ்தமால் என்று பெயர். நாவாட்டில் மொழியில் சாம்பலைக் குறிக்கும் சொல் இதற்குள் இருக்கிறது. சுண்ணாம்புக்குப் பதில் சாம்பல் கரைத்த நீரில் வேகவைக்கும் வழக்கமும் உண்டு.

இந்த ஒரு பக்குவத்தால் மூன்று நன்மைகள் கிடைக்கின்றன. மேல்தோல் கழன்று, மாவு அரைத்ததும் பிசுபிசுப்பு ஏறி, கையால் தட்டினாலும் விண்டுபோகாத அடை கிடைக்கிறது. நம் கடைகளில் விற்கும் மக்காச்சோள மாவை எப்படிப் பிசைந்தாலும் அந்தப் பிடிப்பு வராததற்குக் காரணம் இந்தச் சுண்ணாம்புக் குளியல் இல்லாததே. இரண்டாவது, அடையில் கால்சியம் ஏறுகிறது. கேழ்வரகு உண்பவர்களுக்கு அந்தக் கவலை குறைவு, நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் தானாகவே இருக்கிறது. மூன்றாவதுதான் உயிர்காப்பது. மக்காச்சோளத்தில் நியாசின் என்ற வைட்டமின் உடம்பால் எடுத்துக்கொள்ள முடியாதபடி கட்டுண்டு கிடக்கிறது. சுண்ணாம்பு அந்தக் கட்டை அவிழ்க்கிறது.

அது தெரியாமல் போனதன் விலை பெரிது. கொலம்பஸுக்குப் பிறகு மக்காச்சோளம் ஐரோப்பாவுக்குப் போனது, சுண்ணாம்புப் பக்குவம் கூடப் போகவில்லை. தானியத்தை எடுத்துக்கொண்டவர்கள் அதைச் சமைத்த பெண்களிடம் கேட்கவில்லை. ஸ்பெயினிலும் வட இத்தாலியிலும் அதையே மூன்று வேளையும் தின்ற ஏழைகளுக்குத் தோல் வெடித்து, வயிறு கெட்டு, புத்தி தடுமாறும் நோய் வந்தது. 1735இல் ஸ்பானிய மருத்துவர் காஸ்பர் காசால் அதை விவரித்தார். பெல்லாக்ரா என்ற பெயர் இத்தாலியில் வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் ஆயிரக்கணக்கானோர் அதனால் இறந்தார்கள். தொற்றுநோய் என்று பலரும் நம்பியபோது, ஜோசப் கோல்ட்பெர்கர் என்ற மருத்துவர் அது உணவுக் குறையே என்று நிறுவினார். குறைவது நியாசின் என்பது 1937இல் கான்ராட் எல்வெஜெம் ஆய்வில் தெளிவானது. இந்தியாவிலும் தக்காணத்தில் நாட்டுச் சோளத்தையே முழு உணவாகக் கொண்டவர்களிடம் இந்த நோய் இருந்ததை, 1960இல் ஹைதராபாத் ஊட்டச்சத்து ஆய்வாளர்கள் சி. கோபாலனும் எஸ். ஜி. ஸ்ரீகாந்தியாவும் எழுதினார்கள். மெக்சிகோவின் சிற்றூர்களில் மக்காச்சோளமே உணவாக இருந்தும் பெல்லாக்ரா பெருகவில்லை. அங்கே மணி அம்மிக்குப் போகும் முன் சுண்ணாம்பைக் கடந்து போனது.

கோமாலில் தோர்த்தியா வேகும் விதம் சுருக்கமானது. மெல்லிசாகத் தட்டிய அடையை ஓட்டில் இட்டு, விளிம்பு நிறம் மாறியதும் விரல் நுனியால் திருப்புவார்கள். இரண்டாம் பக்கம் கொஞ்சம் அதிக நேரம். மறுபடி திருப்பினால் உள்ளே அடைபட்ட ஆவி அடையைப் பூரி போல உப்பச் செய்யும். எடுத்து, துணி விரித்த கூடையில் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி மூடினால் தன் ஆவியிலேயே மிருதுவாகும். வஹாக்காவின் த்லயூடா என்ற அடை மட்டும் வேறு மாதிரி, ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவான அகலத்தில் தட்டி, ஈரம் போகும் வரை ஓட்டிலேயே வாட்டுவார்கள். நாள்பட வைத்திருந்து தின்னலாம்.

அடை இல்லாத நேரத்தில் ஓட்டின் வேலை வறுப்பது. மெக்சிகோச் சமையலும் செய்யாற்றங்கரைச் சமையலும் நெருங்கி வருவது இங்கேதான். தக்காளி, பச்சை மிளகாய், தோல் உரிக்காத பூண்டு ஆகியவற்றை எண்ணெய் இல்லாமல் கோமாலில் போட்டு, மேல்தோல் கருகும் வரை புரட்டுவார்கள். பூண்டின் தோலை விட்டுவைப்பதால் உள்ளே கசப்பு ஏறாது. காய்ந்த மிளகாய்க்குச் சில நொடிகள்தான், தவறினால் கசக்கும், வீடே இருமும். பிறகு கல்லில் அரைத்தால் சல்சா. நிலக்கடலையும் காய்ந்த மிளகாயும் பூண்டும் சேர்த்து அரைக்கும் சல்சாவும் அங்கே உண்டு. இதோடு புளி சேர்த்து அம்மியில் அரைத்தால் கலசப்பாக்கத்து வீடுகளின் மல்லாட்டைத் துவையல்.

இந்த ஒற்றுமைக்கு வரலாற்றில் வேர் இருக்கிறது. மிளகாய் மெக்சிகோவில் பயிராகிப் பழகியது. தக்காளி என்ற பழத்தின் உலகப் பெயரே நாவாட்டில் சொல்லின் வழிவந்தது. நிலக்கடலையின் தாய்நிலம் தென் அமெரிக்கா. 1565 முதல் 1815 வரை மெக்சிகோவின் அகாபுல்கோ துறைமுகத்துக்கும் பிலிப்பைன்ஸின் மணிலாவுக்கும் இடையே ஸ்பானியக் கப்பல்கள் ஆண்டுதோறும் போய்வந்தன. நிலக்கடலைக்குத் தமிழர் வைத்த மணிலாக்கொட்டை என்ற பெயர், அது கீழ்க்கடல் வழி வந்து சேர்ந்ததாக அவர்கள் கொண்ட நினைவைச் சுமக்கிறது. கலசப்பாக்கத்தை அடுத்த போளூர் சந்தையில் ஒரு பாட்டி ‘மல்லாட்டை படி எவ்வளவு’ என்று கேட்கும்போது மணிலாத் துறைமுகத்தின் பெயர்தான் வாயில் வருகிறது.

மல்லாட்டை வறுக்க ஓட்டில் முதலில் மணல் காய வேண்டும். ஆற்று மணலைச் சலித்துப் போட்டுச் சூடேறியதும் தோலோடு கடலையைக் கொட்டிக் கிளறினால், மணல் எல்லாப் பக்கமும் சமமாகச் சூடு கொடுக்கும். தோலில் லேசான சிவப்பு ஏறி, ஒன்றை உடைத்தால் பருப்பின் உள்தோல் விரலில் நழுவ வேண்டும். உடனே சல்லடையில் கொட்டிவிட வேண்டும். ஓட்டிலேயே விட்டால் இறக்கிய பிறகும் வறுபட்டுக்கொண்டே இருக்கும்.

மண் ஓட்டில் அடை சுடுவது இந்த இரு நாடுகளோடு நிற்பதில்லை. கேரளத்தின் மலபாரில் ஓட்டட, துளு நாட்டில் ஓடு தோசை என்று பெயரிலேயே ஓடு இருக்கிறது. எத்தியோப்பியாவில் புளித்த டெஃப் தானிய மாவை ஊற்றி இஞ்செரா சுடும் மித்தாத் என்ற பெரிய மண் ஓடு உண்டு. ராஜஸ்தானில் மண் தவாவில் கம்பு ரொட்டி சுடுகிறார்கள்.

அரைக்கும் வேலையை இரண்டு நாட்டிலும் இயந்திரம் எடுத்துக்கொண்டது. அம்மிக் கல்லின் முன் நாள்தோறும் பல மணி நேரம் மண்டியிட்டிருந்த மெக்சிகோப் பெண்களுக்கு, இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் ஊர்தோறும் வந்த நிஷ்தமால் அரவை ஆலை பெரிய விடுதலை. கோவையில் 1950களில் பிறந்த வெட் கிரைண்டர் இங்கே செய்த உதவியைப் போல. 1949இல் தொடங்கிய மசேக்கா நிறுவனத்தின் உலர்ந்த மாவு அங்கே ஊறவைப்பதையும் தேவையில்லாமல் ஆக்கியது. நகரங்களில் தோர்த்தியாவையே இயந்திரம் சுடுகிறது. விறகடுப்புப் புகையால் பெண்களின் நுரையீரல் கெடுவதும் உண்மை, மண் ஓட்டைப் போற்றுவதற்காக அதை மறைக்க வேண்டியதில்லை. மிச்சோவாகான் மாநிலத்தில் புகைபோக்கி வைத்த பட்சாரி என்ற அடுப்பு அதற்காகவே வடிவமைக்கப்பட்டது.

எரிவாயு அடுப்பிலும் ஓட்டை வைக்கலாம். தீ குறைவாகத் தொடங்க வேண்டும், பத்து நிமிடம் பொறுக்க வேண்டும், சூடான ஓட்டில் பச்சைத் தண்ணீர் படக் கூடாது. இண்டக்‌ஷன் அடுப்பில் மண் சூடேறாது. வாங்கும்போது விரல் கணுவால் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும், மந்தமாகக் கேட்டால் எங்கோ கீறல் இருக்கிறது. பளபளப்புக்காக வண்ணமோ வார்னிஷோ பூசியதைத் தவிர்க்க வேண்டும். மெக்சிகோவில் மெருகு பூசிய குழம்புச் சட்டிகளில் ஈயம் கலந்து பெரும் கேடு விளைந்ததுண்டு. மெருகே பூசாத கோமாலுக்கு அந்தப் பழி இல்லை.

வனைபவர்களுக்கு முதல் தடை மண் கிடைப்பது. ஏரி மண் எடுக்க அலுவலகம் அலுவலகமாக அலைந்தவர்களுக்கு, 2024இல் தமிழக அரசின் விதி மாற்றம் ஓரளவு கைகொடுத்தது. ஏரி, குளங்களின் வண்டலையும் களிமண்ணையும் விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் கட்டணமின்றி எடுக்க, வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி பெறலாம் என்றானது. கார்த்திகைக்கு அகல், பொங்கலுக்குப் பானை என்று ஆண்டில் இரு பருவத்தை மட்டும் நம்பியிருக்கும் சூளைகளுக்கு, எந்த மாதமும் விற்கக்கூடிய ஓடு இன்னொரு வரும்படி.

நன்றாகப் பழகிய ஓடு பல ஆண்டு உழைக்கும். கீறல் விட்ட பிறகும் தானியக் குதிருக்கு மூடியாகவோ, கோழிக்குத் தீவனம் வைக்கவோ ஆகும். அதற்கும் உதவாமல் நொறுங்கினால், குயவர் அதை இடித்துச் சலித்து மணலுக்குப் பதில் புது மண்ணில் கலந்துகொள்வதுண்டு. ஒரு தடவை தீயில் விரிந்து சுருங்கிய மண் என்பதால், அடுத்த ஓடு அடுப்பில் வெடிக்காமல் இருக்க அந்தத் தூள் துணை செய்கிறது.